எண்ணிக்கையில் இல்லை உல்லாசம்

ஆடி பிறந்து, கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டுதல் நிகழ்ந்தவுடன் சேலம் நகரத்தைப் பற்றிக்கொள்ளும் உற்சாகம், குகைப் பகுதியின் வண்டி வேடிக்கையோடும் வீட்டுக்கு வீடு காய்ச்சும் கூழோடும் நின்றுவிடுவதில்லை. திருவிழாவை ஒட்டி நடக்கும் பொருட்காட்சிக்குள் நுழைந்து, ராட்சத ராட்டினத்தில் ஏறி, ஊரை உயரத்திலிருந்து ஒருமுறை பார்த்து இறங்கிய பிறகே, ஓமலூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வந்த ஜனங்களுக்கு அந்த வருஷத்து ஆடி பூர்த்தியாகிறது. நெடுங்காலம் போஸ் மைதானத்தில் கூடிய அந்தக் காட்சியில் கொலம்பஸ், டோரா டோரா, டிராகன் ரயில், மரணக்கிணறு என்று பல இருந்தும், மனத்தில் முதலில் எழுவது அந்தப் பெரிய சக்கரந்தான். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்துக்கு நிறுவி, 36 பெட்டிகளில் பெட்டிக்கு 60 பேர் வரை ஏற்றிச் சுழற்றிய சக்கரமே இன்றைய இரும்பு ராட்டினங்களுக்கு முன்னோடி.

இப்போது நம் குடும்பங்கள் பொருட்காட்சியோடு திருப்தியடைவதில்லை. மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டருக்கும், 2005-இல் பெங்களூருக்கு அருகே பிடதியில் திறக்கப்பட்ட வொண்டர்லாவுக்கும், பள்ளிச் சுற்றுலாவாகவோ வேன் பிடித்தோ விடியுமுன் புறப்பட்டுவிடுகிறார்கள். இத்தகைய பூங்காக்களைப் பற்றிப் பேசும்போது, “அங்கே எத்தனை ரைடு இருக்கிறது?” என்பதே முதற்கேள்வியாகிறது. அந்தக் கேள்வியால் ஒரு பூங்காவை அளக்க இயலாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒரு பூங்காவில் 60 சவாரிகள் இருப்பதாகவும், நாம் அங்கே 7 மணி நேரம் கழிப்பதாகவும் கொள்வோம். 420 நிமிஷத்தை 60 சவாரிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 7 நிமிஷமே கிடைக்கும். வரிசையில் நிற்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடப்பதும், சோறு உண்பதும், நனைந்த குழந்தைக்கு உடை மாற்றுவதும் அந்த 7 நிமிஷத்துக்குள் அடங்குமா? பத்துப் பன்னிரண்டில் ஏறி இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நமக்கு வேண்டியது அந்தப் பன்னிரண்டும் நல்லவையாக இருப்பதும், அவற்றுக்காக நாம் காத்து நிற்கும் நேரம் குறைவதுமே.

காத்து நிற்கும் நேரம் எதனால் கூடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. 24 இருக்கைகள் கொண்ட ஒரு சவாரியில், ஆட்களை ஏற்றிப் பூட்டுக்கம்பியைச் சரிபார்த்து, ஓட்டி, இறக்கிவிட 4 நிமிஷம் ஆகுமானால், மணிக்கு 15 நடை நடந்து 360 பேர் மகிழலாம். ஊழியர் பற்றாக்குறையாலோ ஒழுங்கீனத்தாலோ அதுவே 6 நிமிஷமானால் 240 பேருக்குத்தான் இடம். முன்னே 180 பேர் நிற்கும் வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர் முதல் நிலையில் அரை மணியும், இரண்டாவதில் முக்கால் மணியும் வெயிலில் நிற்க நேரும். யந்திரம் ஒன்றுதான், நடத்தும் விதத்தில்தான் வித்தியாசம். நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர் எவரும் தம் பெயரிலுள்ள வண்டிகளின் தொகையைக் கொண்டு லாபத்தைக் கணக்கிடுவதில்லை. பட்டறையில் நிற்காமல் லோடு ஏற்றி ஓடுபவை எத்தனை என்பதையே பார்க்கிறார். பூங்காவுக்கும் அந்தக் கணக்கே பொருந்தும்.

பாதுகாப்பின் விஷயம் இதைக் காட்டிலும் முக்கியமானது. நிரந்தரப் பூங்காவின் சவாரிகளைத் தினந்தோறும் காலையில் வெறுமையாக ஓட்டிப் பார்த்து, போல்ட்டுகளையும் பற்றவைப்புகளையும் தோள்பட்டைக் கம்பிகளையும் சோதித்த பின்பே ஜனங்களை ஏற்ற வேண்டும். பொருட்காட்சி ராட்டினங்களோ ஊருக்கு ஊர் பிரித்து, லாரியில் ஏற்றி, மறுபடியும் பூட்டப்படுபவை. ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஒரு போல்ட் தளர்ந்திருக்கவும், அடித்தளம் மழையில் நெகிழ்ந்திருக்கவும் இடமுண்டு. பத்து யந்திரங்களைக் கவனிக்கும் ஆட்களைக் கொண்டே இருபதைக் கவனிக்கச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் சிரத்தை பாதியாகிவிடும் என்பதை விளக்கவும் வேண்டுமா?

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலுள்ள டிவோலி பூங்கா 1843-இல் திறக்கப்பட்டது. 1914-இல் அங்கே மரத்தால் அமைக்கப்பட்ட மலைரயில் இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டித்தொடரிலும் ஓர் ஊழியர் அமர்ந்து, இறக்கத்தில் தம் கையாலேயே பிரேக்கை இயக்குகிறார். புதியது புதியதாகச் சேர்ப்பதில் மட்டும் புத்தியைச் செலுத்தாமல், பழையதைப் பேணி நூறாண்டு கடந்தும் ஓட்டுவதற்கு வேண்டிய நிர்வாகத் திறமையையே நான் தரம் என்கிறேன்.

எண்ணிக்கைக்கு அறவே மதிப்பில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. நம்மவர் குடும்பமாகவே செல்பவர்கள்; கல்லூரியில் படிக்கும் அண்ணனுக்கு வேண்டியது தலைகீழாகப் புரளும் சவாரி, மூன்று வயதுத் தங்கைக்கு வேண்டியது குதிரை ராட்டினம், முழங்கால் வலியோடு கூட வந்த அம்மாயிக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும் உட்கார ஓர் இடமும். ஒரே மாதிரியாகக் குலுக்கும் பத்து யந்திரங்களை வைத்துவிட்டு இந்த மூவரில் இருவரை மறந்த பூங்கா, எண்ணிக்கையில் பெரியதாயினும் ஏழையே. ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் காவேரியில் முழுகி எழுந்து, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் அடிவாரப் பூங்காவில், ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் விட்டால் பெரிய யந்திரம் ஏதுமில்லாத போதிலும், கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு மாலைவரை எழுந்திருக்க மனமில்லாமல் அமர்ந்திருக்கும் குடும்பங்களைக் கண்டவர்கள், உல்லாசத்துக்கு நிழல் எவ்வளவு அவசியம் என்பதை அறிவார்கள்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்குப் பிடதிக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணுகிறவர்கள், சவாரிகளின் தொகையை விசாரிப்பதற்கு முன், அன்றைக்குப் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டவை எவை, பிள்ளையின் உயரத்துக்கு அனுமதிக்கப்படுபவை எவை, கூட்டம் குறையும் நாள் எது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு டிக்கெட் வாங்குங்கள்.