முன்சக்கரம் சொல்லும் பூர்வீகம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களில் ஒரு பாட்டி இருப்பார். கடைக்காரர் விரித்துப் போடும் புடவையின் மேல்பக்கத்தில் அவர் கண் அதிக நேரம் நிற்காது. ஓரத்தைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார். உடலும் கரையும் சேருகிற இடத்தில் கோர்வை சரியாகப் போட்டிருக்கிறதா என்று விரலால் தடவுவார். சரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று தேடுவார். வண்ணத்தையும் புட்டாவையும் விசைத்தறிக்காரர்கூடப் போட்டுவிடலாம். நூலும் நூலும் கோர்த்த இடம் மட்டும் யார் நெய்தது, எப்படி நெய்தது என்பதைச் சொல்லிவிடும்.

இதே கண்ணோடு பார்க்க வேண்டிய இன்னொரு பொருள் உண்டு. பழைய மூன்று சக்கர சரக்கு வண்டி.

மெக்கானிக் பட்டறையின் பின்கட்டிலோ, காயலான் கடை ஓரத்திலோ, பழைய வீட்டுத் தோட்டத்தில் தார்ப்பாய்க்கு அடியிலோ அப்படி ஒன்று கிடந்தால், ‘பழைய டெம்போ’ என்றோ ‘லாம்ப்ரெட்டா ஆட்டோ’ என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அது ஜெர்மனி, இத்தாலி, பூனா, லக்னோ என்று எந்த வழியிலும் வந்திருக்கலாம். உள்ளூர்ப் பட்டறையிலேயே பிறந்ததாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள நிபுணர் வேண்டியதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதல் விதி: பெட்டியை நம்பக் கூடாது. சரக்கு வண்டியின் பின்பெட்டியும் கூரையும் பெரும்பாலும் வாங்கியவர் ஊரில் தச்சரும் டிங்கரும் சேர்ந்து கட்டியவை. இருபது வருடத்தில் தகரம் துருப்பிடிக்கும், பலகை மக்கும், மறுபடி கட்டுவார்கள். பெயிண்ட் நாலு முறை மாறியிருக்கும். மாறாதவை முன்சக்கரம், சட்டம், என்ஜின் உட்காரும் இடம் ஆகியவைதான்.

ஏன் மூன்று சக்கரம்?

மோட்டார் சைக்கிளின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் பூட்டினால் சிறு வியாபாரிக்கு வண்டி தயார். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் திருப்புவதற்குத் தண்டும் மூட்டுமாக இரண்டு சக்கரங்களை இணைக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரே போதும். விலை குறையும், பழுது குறையும். சின்ன காஞ்சிபுரத்துச் சந்துகள் போன்ற இடத்தில் லாரி மூச்சுத் திணறும்போது இது உடம்பை வளைத்துத் திரும்பிவிடும். இதற்கு விலையும் உண்டு. மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பாரத்தின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரைதான் வண்டி நிற்கும். உயரமாகப் பாரம் ஏற்றி, வளைவில் பிரேக் போட்டால் கவிழும்.

ஜப்பானின் ஹிரோஷிமாவில் மஸ்டா நிறுவனம் 1931-இல் இந்த வகையில்தான் வண்டித் தொழிலைத் தொடங்கியது. ‘மஸ்டா-கோ’ என்ற அந்த வண்டிக்கு முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி சரக்குப் பெட்டி. 1957-இல் வந்த டைஹட்சு மிட்ஜெட், தாய்லாந்துக்குப் போய் அங்கே ‘டுக்-டுக்’ ஆனது. இத்தாலியில் 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டரை வரைந்த கொராதினோ தஸ்கானியோ, ஹெலிகாப்டர் வடிவமைத்த விமானப் பொறியாளர். இரண்டே வருடத்தில், 1948-இல், அதே ஸ்கூட்டரின் 125 சிசி என்ஜினோடு 200 கிலோ சுமக்கும் மூன்று சக்கர வண்டியைப் பியாஜியோ நிறுவனம் வெளியிட்டது. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. சுமை தூக்கும் தங்கைக்குத் தேனீ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்தான் ‘ஆப்பே’. இன்று நம் ஊர் ஷேர் ஆட்டோவின் நெற்றியில் இருப்பது அந்தத் தேனீயின் பெயர்தான்.

இந்தியாவுக்கு வந்த நான்கு வழிகள்

முதல் வழி லாம்ப்ரெட்டா. 1949-இல் பம்பாயில் தொடங்கிய ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏ.பி.ஐ., இத்தாலியின் இன்னோசென்டி நிறுவனத்து லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்களை இங்கே பூட்டி விற்றது. பின்னர் இந்த நிறுவனத்தை வாங்கியவர் சென்னையின் எம்.ஏ. சிதம்பரம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்தவர் அவரே. ஏ.பி.ஐ. செய்த மூன்று சக்கர வண்டிகளில் லாம்ப்ரெட்டா என்ஜின் இருந்தது.

இரண்டாவது டெம்போ. ஜெர்மனியின் ஹாம்பர்க் பக்கத்து விடால் நிறுவனத்தின் வண்டிப் பெயர் இது. 1958-இல் பிரோதியா குடும்பத்தார் அந்த நிறுவனத்தின் ‘ஹன்சியாட்’ என்ற மூன்று சக்கர வண்டியை உரிமம் பெற்று இந்தியாவில் செய்யத் தொடங்கினார்கள். பிறந்த நாட்டில் ஐம்பதுகளிலேயே நின்றுபோன அந்த வண்டி இங்கே 2000 வரை உற்பத்தியானது. சரக்கு ஏற்றும் எந்தச் சிறு வண்டியையும் நாம் ‘டெம்போ’ என்பதற்கு இதுவே காரணம். அதைச் செய்த பஜாஜ் டெம்போ நிறுவனம்தான் இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ்.

மூன்றாவது பஜாஜ். 1959-இல் அரசு உரிமம் கிடைத்ததும் பியாஜியோவின் வடிவத்தில் பூனாவில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் செய்தார்கள். தொடக்கத்தில் என்ஜின் ஓட்டுநருக்கு அடியில் இருந்தது. 1977-இல்தான் பின்னால் என்ஜின் வைத்த ஆட்டோ வந்தது. நான்காவது லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா. 1972-இல் தொடங்கிய இந்த அரசு நிறுவனம் இன்னோசென்டியின் இயந்திரங்களையே விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. ‘விக்ரம்’ மூன்று சக்கர வண்டி அங்கே பிறந்தது.

இந்த நான்கைத் தவிர, மோட்டார் சைக்கிளையே வெட்டி ஒட்டிய வண்டிகள் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய ஹார்லி டேவிட்சன் முன்பாதிகளை வைத்து டெல்லியில் ‘பட்பட்டி’ ஓட்டினார்கள். குஜராத்தில் புல்லட்டின் முன்பாதியோடு ‘சக்டா’ ஓடியது. நம் சென்னையில், மிதிக்கிற மூன்று சக்கர சரக்கு சைக்கிளில் பழைய இருசக்கர வண்டியின் என்ஜினைப் பூட்டினால் அது ‘மீன்பாடி வண்டி’.

ஐந்து இடங்களில் பாருங்கள்

ஒன்று, முன்சக்கரம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து நேர் எதிரே பாருங்கள். சக்கரத்தை ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கை தாங்கிப் பிடித்திருந்தால் அது வெஸ்பா, பஜாஜ் வம்சம். விமானத்தின் இறங்கு சக்கரம் போல ஒரு பக்கமாகத் தாங்குவது அந்த விமானப் பொறியாளரின் கைவண்ணம். இரண்டு பக்கமும் குட்டையான ஃபோர்க் தாங்கினால் லாம்ப்ரெட்டா வழியைத் தேடலாம். நீளமான ஃபோர்க்கும் பெரிய கம்பிச் சக்கரமும் இருந்தால் அசல் மோட்டார் சைக்கிளின் முன்பாதி. முன்னால் நீண்ட மூக்கும், ஹேண்டில்பாருக்குப் பதில் வட்ட ஸ்டீயரிங்கும், முன்சக்கரத்துக்கே என்ஜினின் இழுவையும் வந்தால், கையில் கிடைத்திருப்பது ஹன்சியாட் டெம்போ.

இரண்டு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமுமாகப் பெட்டி முன்னால் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இன்னோசென்டி 1949-இல் செய்த முதல் சரக்கு லாம்ப்ரெட்டா அப்படித்தான் இருந்தது. சில வருடத்தில் பெட்டியைப் பின்னுக்கு மாற்றிவிட்டார்கள். முன்னால் பெட்டி வைத்த அந்த வண்டி மிக அபூர்வம்.

இரண்டு, டயர். பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் படியுங்கள். ‘4.00–8’ என்றால் நான்கு அங்குல அகலம், எட்டு அங்குல ரிம். ஆட்டோ டயர் அது. ‘3.50–10’ லாம்ப்ரெட்டா எல்ஐ ஸ்கூட்டரின் அளவு. ‘3.25–19’ புல்லட்டின் முன்சக்கரம். டயரை மாற்றியிருக்கலாம். ரிம் அளவை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

மூன்று, என்ஜின். சிலிண்டரின் தலைமேல் துடுப்பு வைத்த வெறும் மூடி இருந்தால் டூ ஸ்ட்ரோக். மேலே வால்வும் ராக்கரும் இருக்கும் பெட்டி எழுந்து நின்றால் ஃபோர் ஸ்ட்ரோக். வெஸ்பா, லாம்ப்ரெட்டா, ஹன்சியாட் மூன்றும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய வகை. லாம்ப்ரெட்டா எல்ஐ வரிசையில் சிலிண்டர் படுத்திருக்கும். ஆனால் என்ஜினை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். என்ஜின் மாற்றுவது பட்டறையில் ஒரு நாள் வேலை. சட்டத்தில் என்ஜின் உட்காரும் பிடிகள் கம்பெனியில் வார்த்தவையா, பின்னால் வெல்டிங் வைத்தவையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்கு, பின் அச்சு. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பின்பக்கம் ஜாக்கி கொடுத்து இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்குங்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வண்டியைக் கியரில் போட்டுவிட்டு, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட விடும் பல்சக்கரக் கூட்டம் அது. பெரும்பாலும் கம்பெனி வண்டி. ஒரு சக்கரம் சும்மா சுழன்று, மற்றது இறுகி நின்றால் ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் செயின் பூட்டியது. இரண்டும் இறுகி நின்றால் ஒரே கம்பியில் கோத்த அச்சு. இந்த இரண்டும் பட்டறையில் பிறந்ததற்கு அடையாளம்.

ஐந்து, சேஸ் எண். அவசரத்தில் பலர் கெடுப்பது இதைத்தான். கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் கிட்டே வரக் கூடாது. பழைய எண்கள் ஆழமில்லாமல் அடித்தவை, துருவோடு சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சட்டத்தின் மேல் போட்டு ஊற விடுங்கள். அழுக்கு இளகியதும் மெதுவாகத் துடையுங்கள். மெல்லிய வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்து, பென்சில் முனையைச் சாய்த்து மேலே தேய்த்தால் கறுப்புக்கு நடுவே எழுத்தும் எண்ணும் வெள்ளையாக எழும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்காக எடுக்கும் பென்சில் பிரிண்ட் இதேதான். பதினேழு இடம் கொண்ட நீள எண் 1980-களில்தான் உலகில் பரவத் தொடங்கியது. குட்டையான எண் வந்தால் கவலை வேண்டாம், அது வயதின் சான்று. இந்தப் பென்சில் பிரிண்டையும் ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தால் பாதி வழக்கு தீர்ந்தது.

நம்பர் பிளேட்டும் சாட்சி சொல்லும். 1989-இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே டி.என். 21 போன்ற எண்கள் வந்தன. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்தும் பின்னால் எண்ணும்தான். அப்படி ஒரு தகடு மிஞ்சியிருந்தால் அதைக் கழற்றிக் குப்பையில் போடாதீர்கள்.

யார் பாதுகாப்பது?

காஞ்சிபுரத்திலிருந்து சிறிது தூரத்தில் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் இருக்கின்றன. 1998-இல் ஹூண்டாய், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வண்டித் தொழில் வந்து குவிந்த மண் இது. புது வண்டி செய்யும் கைகளுக்கு இங்கே குறைவில்லை. பழைய வண்டியை அடையாளம் காணும் கண்தான் குறைவு. கார்களுக்காவது கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜீடி அருங்காட்சியகம் இருக்கிறது. மூட்டை சுமந்த மூன்று சக்கர வண்டிக்கு அந்த மரியாதை கிடைப்பது அரிது.

சட்டத்திலும் அதே நிலை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு புது எண் கிடைக்கும். ஆனால் அந்த வரையறையில் இருப்பவை சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டியும் நான்கு சக்கர வண்டியும்தான். ஜமீன்தார் கார் உள்ளே வந்துவிட்டது. காய்கறி மூட்டையும் வாழைத்தாரும் சுமந்த மூன்று சக்கரம் வெளியே நிற்கிறது. உழைத்தவர்களின் வண்டியும் நம் சரித்திரம்தான். அதையும் அந்த விதியில் சேர்க்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். அப்படி ஒரு வண்டியை எங்காவது பார்த்தால், எடைக்குப் போடுவதற்கு முன் உரிமையாளரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். முன்சக்கரத்தை நேரே நின்று ஒரு படம், என்ஜினை இரு பக்கமும் இரண்டு படம், சேஸ் எண்ணுக்கு ஒரு பென்சில் பிரிண்ட் எடுங்கள். அதை ஓட்டிய பெரியவர் இருந்தால், எதை ஏற்றிக்கொண்டு எங்கே போனார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புடவையைப் புரட்டிப் பார்க்கிற ஊருக்கு இது புதிய வேலையில்லை.