கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு எந்த டெவலப்பர்?

புதுக்கோட்டையை ஒட்டியுள்ள திருக்கோகர்ணத்தில் கோகர்ணேசுவரர் கோயில் இருக்கிறது. அதன் கருவறை பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. அதற்கு முன்னால் பிற்காலத்தார் எழுப்பிய மண்டபங்கள் உள்ளன. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே செல்லச் செல்ல இருள். உரிய அனுமதி பெற்றுப் படமெடுக்க வருபவர், மண்டபத்துத் தூணையும் அதற்கப்பால் தெரியும் வெயிலையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால் திண்டாடிப் போவார். தூண் தெளிந்தால் வெயில் பகுதி வெளிறிப் போகும். வெயில் பகுதி தெளிந்தால் தூண் கரியாகிவிடும்.

இச்சிக்கலில் பாதி காமிராவில் தீர்கிறது. மறுபாதி தீர்வது இருட்டறையில், பிலிமை இடும் முதற் கரைசலில். உருத்துலக்கி என்று பாடநூல்களும், டெவலப்பர் என்று ஸ்டூடியோக்காரர்களும் சொல்வது இக்கரைசலைத்தான். பிலிமில் படமெடுக்கத் தொடங்கும் இளைஞர்கள், "எந்த டெவலப்பர் சிறந்தது?" என்று கேட்கிறார்கள். மருந்துக் கடைக்குப் போய், "எந்த மருந்து சிறந்தது?" என்று கேட்பதைப் போன்றதுதான் இது. நோய் என்ன என்று முதலில் தெரிய வேண்டாமா?

பிலிமின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது. அதில் வெள்ளி புரோமைடின் நுண்படிகங்கள் பதிந்துள்ளன. ஒளி பட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதற்கு உள்ளுறை பிம்பம் என்று பெயர். பாலில் விட்ட உறைமோர் போன்றது இது. டெவலப்பர் எலெக்ட்ரான்களைத் தந்து, 'உறை' விழுந்த படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடுகிறது. (நகைக்கடை வெள்ளிபோல இது மின்னாது, நுண்ணிய இழைகளாக உருவாவதால் கறுப்பாகத் தோன்றும்.) உறை விழாத படிகங்கள் பின்னர் ஹைப்போவில் கரைந்து போகும். டெவலப்பரில் மிகை நேரம் வைத்தால், உறை விடாத பாலும் திரிந்துபோவது போல, ஒளி படாத படிகங்களும் கறுக்கத் தொடங்கும். மூட்டம் என்பது இதுவே.

ஆகவே, தூணின் நிழலில் ஒளியே பதியவில்லை என்றால் எந்த டெவலப்பரும் அதை வரவழைக்காது. நிழலுக்கு வேண்டிய ஒளியைக் காமிராவிலேயே தாராளமாகக் கொடுத்துவிட வேண்டும். டெவலப்பரால் ஆள முடிவது பெரும்பாலும் வெளிச்சப் பகுதியைத்தான். நிழற்பகுதி தொடக்கத்திலேயே ஏறக்குறைய முழுமை அடைந்துவிடும். வெளிச்சப் பகுதியோ நேரம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போகும்.

உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்ட டெவலப்பர்களில் ஒன்று கோடாக் நிறுவனத்தின் டி-76. 1927-இல் சினிமாப் பிலிமுக்காக உருவானது. ஒரு லிட்டர் கரைசலில் மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட்டு 100 கிராம், வெண்காரம் 2 கிராம். அவ்வளவுதான். மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் வேலைக்காரர்கள். இருவரும் தனித்தனியே செய்வதைக் காட்டிலும் சேர்ந்து செய்வது அதிகம். அவர்களை முடுக்கிவிடும் மென்மையான காரம் வெண்காரம். சல்ஃபைட்டு, காற்றால் கரைசல் கெடாமல் காக்கிறது. இவ்வளவு மிகுதியாக இருப்பதால் படிகங்களின் ஓரத்தைச் சற்றே கரைத்துப் படத்தின் மணித்தன்மையையும் குறைக்கிறது.

இதே கரைசலை அதே அளவு தண்ணீர் கலந்து, குறைவாகக் குலுக்கினால், வெளிச்சப் பகுதியில் டெவலப்பர் விரைவில் களைத்துவிடும். நிழற்பகுதியில் வேலை தொடரும். கோகர்ணேசுவரர் கோயில் மண்டபத்துக்கு என் தேர்வு இதுவே.

ஆனால் அருகிலுள்ள குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் படமெடுப்பவருக்கு இந்த யோசனை உதவாது. அங்கே சாம்பல் நிறப் பாறையில் மெல்லிய கீறல்களாக எழுத்துகள். வேறுபாடு மிகக் குறைவு. பக்கவாட்டில் ஒளி விழும் வேளையில் எடுத்து, டி-19 போன்ற, ஹைட்ரோகுவினோன் மிகுந்த, காரம் கூடிய டெவலப்பரில் இட்டால் எழுத்து எழுந்து நிற்கும். கல் தேய்ந்துகொண்டே இருக்கிறது. இன்று நெகடிவில் விழாத எழுத்து, ஐம்பது ஆண்டுக்குப் பின் பாறையிலும் இல்லாமல் போகலாம்.

நம் ஊரில் இன்னொரு எதிரி வெப்பம். நூல்களில் தரும் நேரமெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்கு. புதுக்கோட்டையில் சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீருக்கு அதைப் பற்றி என்ன கவலை? கோடையில் தயிர் சீக்கிரம் புளிப்பது போல டெவலப்பரும் விரைகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் குறையும். 20 டிகிரியில் ஏழரை நிமிடம் பிடிக்கும் பிலிமுக்கு 27 டிகிரியில் நான்கு நிமிடம்கூட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் படம் திட்டுத்திட்டாகும் ஆபத்து உண்டு. சம அளவு நீர் கலந்த டி-76-இல் அதே பிலிம் 20 டிகிரியில் 13 நிமிடம் எடுக்கும். 27 டிகிரியில் ஏறத்தாழ ஏழு நிமிடம் கிடைக்கும். மென்மையை விரும்பாதவரும் வெயில் காலத்தில் நீர் கலப்பதற்கு இது தனிக் காரணம். வெப்பம் மேலும் ஏறினால் ஜெலட்டின் உப்பி நெகிழும். அதைத் தடுக்க சோடியம் சல்ஃபேட்டுச் சேர்த்த டெவலப்பர்களும், குரோம் படிகாரக் கரைசலும் உண்டு.

ஐஸ் கட்டியைத் தேடி ஓட வேண்டியதில்லை. முதல் நாள் இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி, ஈரச்சாக்கு சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் வெப்பம் சில டிகிரி இறங்கிவிடும். டெவலப்பர், ஹைப்போ, கழுவும் நீர் எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருப்பது இன்னும் முக்கியம். டெவலப்பரை மட்டும் குளிர்வித்து, வெந்நீர் போன்ற குழாய் நீரில் கழுவினால் படலம் சுருங்கி வலைபோல் வெடித்துவிடக் கூடும்.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராகப் புதுக்கோட்டைக்கு வந்து படமெடுத்தார். அன்று பிலிம் இல்லை. மெழுகிட்ட தாள்தான் நெகடிவ். அதன் டெவலப்பர் காலிக் அமிலம். நம் கடுக்காயிலும் உள்ள பொருள்தான். ஒரு தாள் துலங்கப் பல மணி நேரம் ஆகும். எனினும் தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்து, பிறகு ஓய்வாகத் துலக்கலாம் என்பதால் பயணத்துக்கு ஏற்றதாயிற்று. அவரும் தம் நிலைமைக்கேற்ற கரைசலைத்தான் தேர்ந்தார். கல்தூண்களும் கோபுரங்களும் ஆடுவதில்லை, அசைவதில்லை. நீண்ட நேர ஒளியூட்டலை அவை பொறுத்துக்கொண்டன.

டெவலப்பர் கலக்க ஆழ்குழாய்க் கிணற்று நீரை அப்படியே ஊற்ற வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெண்படிவாக இறங்கிப் பிலிமில் புள்ளிகளாக ஒட்டும். கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்ததை வடிகட்டிக்கொள்ளலாம். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், கையுறை தேவை. பழைய கரைசல் வேலை செய்யுமா என்று ஐயமிருந்தால், காமிராவில் மாட்டும்போது வெளிச்சம் பட்டுப்போன பிலிம் நுனியில் ஒரு துண்டை வெட்டி, உரிய நேரம் அதில் இட்டுப் பாருங்கள். நன்றாகக் கறுக்காவிட்டால் அந்தக் கரைசலில் படம் எதையும் இடாதீர்கள்.