‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்!

பிரசவமாகித் தாய்வீட்டில் இருக்கும் பெண்ணின் தட்டைப் பாருங்கள். குழைந்த சோறு, பூண்டுக் குழம்பு, வறுத்த கருவாடு. கீரை கூடாது, குழந்தைக்கு வயிறு கெடும். பழம் கூடாது, சளி பிடிக்கும். தண்ணீர் அரை டம்ளர் போதும், அதிகம் குடித்தால் தொப்பை போடும். பச்சை உடம்பு என்று பார்த்துப் பார்த்துப் போடும் இந்தப் பத்தியத்தில் நார்ச்சத்தும் தண்ணீரும்தான் விட்டுப்போகின்றன. பால் கொடுக்கும் தாய்க்கோ வழக்கத்தைவிடக் கூடுதல் தண்ணீர் தேவை. பூண்டும் கருவாடும் தாராளமாக இருக்கட்டும். கூடவே கீரை, வாழைத்தண்டு, முழுப்பயறு, கொய்யாப்பழமும் வேண்டும்.

கர்ப்பத்திலேயே தொடங்கும் மலச்சிக்கல்

கர்ப்பகாலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், குடல் தசைகளையும் தளர்த்திவிடுகிறது. உணவு மெதுவாக நகர, பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். வளரும் கருப்பை ரத்தக் குழாய்களை அழுத்துவதால் மூலமும் எட்டிப்பார்க்கும். கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்று தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்கும். அதற்காக மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

பிரசவத்தோடு ஹார்மோன் இறங்கிவிடும். அப்புறமும் தொல்லை நீடிக்கப் பெரிய காரணம், பயம். முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று மலத்தை அடக்குகிறார்கள். அடக்கியது இறுகி, ஆசனவாயில் வெடிப்பை உண்டாக்குகிறது. அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுநாளும் அடக்குகிறார்கள். குழந்தையை வாங்கிக்கொள்ள ஆளில்லாத வீட்டில் கழிவறைக்குப் போவதே தள்ளிப்போகும். சில வாரங்களில் சரியாக வேண்டியது வருடக்கணக்கில் இழுப்பது இப்படித்தான். பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய மலமிளக்கிகள் இருக்கின்றன. கைவைத்தியமாக விளக்கெண்ணெய் குடிப்பதைவிட, மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

அம்மாவிடமும் சொல்லாத தொல்லை

குழந்தை பெரிதாக இருந்தாலோ, ஆயுதம் போட்டு எடுத்தாலோ, சிலருக்கு ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை வரை கிழிந்துவிடும். பிறகு வாயுவை அடக்க முடியாமல் போகலாம். சிலருக்கு மலமே கசியும். பஸ் பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் சாக்குச் சொல்லித் தவிர்க்கும் பெண்கள், காரணத்தைக் கணவரிடம்கூடச் சொல்வதில்லை. இடுப்புத்தளப் பயிற்சியில் பலருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும். வாயுவை அடக்குவதுபோல் அந்தத் தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு 3 வேளை செய்யலாம். பலன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும். அதிலும் சரியாகாவிட்டால் அறுவை சிகிச்சை வரை வழி இருக்கிறது.

எல்லாமே கேஸ் இல்லை

நெய்யும் எண்ணெயும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்து முதுகுக்குப் பரவினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். கர்ப்பகால ஹார்மோன்கள் பித்தநீரில் கொழுப்பைக் கூட்டி, பித்தப்பையையும் மந்தமாக்குவதால் இது வரும். ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும். பிரசவமான முதல் வருடத்தில் மலச்சிக்கலோடு ஓயாத அசதியும் உடல் பருமனும் சேர்ந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சலோடு வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம்.

6, 10, 14-வது வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசி போட எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். அப்போது உங்கள் வயிற்றைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடப் போகும் அம்மாவோ, மாமியாரோ, கணவரோ அந்தப் பத்து நிமிடம் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும்.