சிறு மானியமும் ஊரார் பங்கும்



'மானியம்' என்னும் சொல்லை நீங்கள் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கிறீர்கள். உர மானியம், எரிவாயு மானியம் என்று பலவாறாக அது வழங்குகிறது. அவை தனி மனிதருக்கோ ஒரு பொருளின் விலைக்கோ அரசு தரும் உதவிகள். இன்று நான் கூற வந்தது வேறொரு வகை மானியம். ஓர் ஊருக்குப் பொதுவான சிறு வேலைக்கு, அதாவது பள்ளிக்கு ஒரு சுற்றுச்சுவர், தெருவுக்கு ஒரு வடிகால், குளத்துக்கு ஒரு மடை போன்றவற்றுக்கு அரசு தரும் சிறு தொகையே அது. ஓர் ஊர் அதனை எப்படிப் பெறுகிறது, எப்படிச் செலவிடுகிறது, வேலை முடிந்தபின் எப்படிக் காக்கிறது என்பதைக் கொண்டு அவ்வூரின் குடிமை உணர்வை அளந்துவிடலாம்.

மானியம் நம் நாட்டுக்குப் புதியது அன்று. முற்காலத்தில் ஒரு பணிக்கென ஒதுக்கிவிடப்பட்ட இறையிலி நிலத்துக்கே அப்பெயர் வழங்கியது. கோயில் விளக்குக்கு மானியம் இருந்தது. ஊர்க்காவலுக்கு மானியம் இருந்தது. ஏரியைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலத்தை 'ஏரிப்பட்டி' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியத்தாரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கூறுகின்றன. அப்பழைய ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. நிலம் ஆண்டுதோறும் விளையும். அவ்விளைவு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு உதவும். இன்றைய மானியமோ ஒரு முறை தரப்படும் பணம். வேலை முடிந்ததும் தீர்ந்துவிடும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

ஊரார் ஒரு பங்கு தர, அரசு ஒரு பங்கு சேர்க்கும் முறை நம்மிடையே கல்வித் துறையில்தான் முதலில் வேரூன்றியது எனலாம். 1854ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் முயற்சியால் நடக்கும் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கி, அவற்றை மேற்பார்வையிட வேண்டும் என்று வகுத்தது. இன்றும் 'உதவி பெறும் பள்ளி' என்று நாம் சொல்வது அதன் வழி வந்ததே.

பின்னர் இம்முறை ஊர்ப் பணிகளுக்கும் பரவியது. 1946ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் 34 பிர்க்காக்களில் கிராம முன்னேற்றத் திட்டம் தொடங்கியது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் இந்தியாவெங்கும் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 பகுதிகளில் தொடங்கப்பெற்றது. ஆயினும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பொன்று இல்லாத இடத்தில் மக்களின் முன்முயற்சி எழவில்லை என்பதை 1957ஆம் ஆண்டில் பல்வந்தராய் மேத்தா குழு எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டிலேயே சென்னை மாநிலத்தில் புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. அதன் கீழ், ஓர் ஊராட்சி எவ்வளவு வீட்டுவரி தண்டுகிறதோ, அதற்கு ஈடான தொகையை அரசு மானியமாக வழங்கியது. வரி வாங்கத் துணியாத ஊருக்கு அம்மானியமும் குறைந்தது. இதன் கருத்து என்ன? தன் கடமையை ஓரளவு செய்த ஊருக்குத் தோள் கொடுப்பதே அரசின் வேலை என்பதுதான்.

அக்காலத்தில் காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தனர். பள்ளிகளில் மதிய உணவு முதலில் ஊராரின் கொடையால் நடந்தது. பின்னர் அரசும் மானியம் தரலாயிற்று. ஒரு வேளை உணவுக்கு ஆகும் 10 காசில் 6 காசு அரசினுடையது. 4 காசு ஊராருடையது. 1958ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வகையினவே. இன்ன பள்ளிக்கு இன்ன பொருள் வேண்டும் என்று பட்டியல் எழுதுவார்கள். ஊரார் மேசை, நாற்காலி, கடிகாரம், கரும்பலகை, கட்டடம் என்று தம்மால் இயன்றதை ஏற்றுக்கொள்வார்கள்.

இதே கருத்து 1997ஆம் ஆண்டில் 'நமக்கு நாமே' என்னும் பெயரில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மாநிலத் திட்டமாயிற்று. 2011இல் 'தன்னிறைவுத் திட்டம்' என்னும் பெயரில் நடந்தது. 2021இல் பழைய பெயரையே மீண்டும் பெற்றது. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர, மீதியை அரசு தரும் என்பது இதன் பொது விதி.

இதனை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் 200 வீடுகள் உள்ள ஒரு சிற்றூரை எண்ணிக் கொள்ளுங்கள். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்ட 6 இலட்சம் ரூபாய் ஆகும் என்று பொறியாளர் மதிப்பிடுகிறார். ஊரார் பங்கு 2 இலட்சம். வீட்டுக்கு 1,000 ரூபாய். அரசின் பங்கு 4 இலட்சம். எனவே ஊரார் தரும் ஒவ்வொரு ரூபாயும் மூன்று ரூபாய் வேலையாகிறது.

கணக்கு எளிது, நடைமுறை சற்றே நீண்டது. முதலில் தேவையை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். கிராம சபை அதற்கு ஏற்ற இடம். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடும் என்று அரசு அறிவித்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. அடுத்து, பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு எழுதுவார். ஊரார் தம் பங்கைச் செலுத்த, மாவட்ட ஆட்சித்தலைவர் நிர்வாக அனுமதி வழங்குவார். வேலை நடக்கும்போது, எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழமான கடைக்கால் என்பவை அளவுப் புத்தகத்தில் பதியப்படும். அப்பதிவைக் கொண்டே பணம் வழங்கப்படும். ஆகவே சுவர் முதலில் தாளில் எழும்புகிறது. பிறகுதான் மண்ணில் எழும்புகிறது. தாளில் உள்ள சுவரும் மண்ணில் உள்ள சுவரும் ஒன்றுதானா என்று பார்ப்பதும் ஊராரின் பங்கே.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் கூறுகிறேன். 1970ஆம் ஆண்டின் இறுதியில் தென்கொரிய அரசு, தன் நாட்டின் 33,000க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குத் தலா 335 மூட்டை சிமெண்டு வழங்கியது. தனித்தனியாகப் பங்கிட்டுக் கொள்ளாமல் பொது வேலைக்கே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. சில ஊர்கள் பாலமும் சாலையும் அமைத்தன. சில ஊர்களில் பயன் விளையவில்லை. மறு ஆண்டில், நன்றாகச் செய்த ஏறத்தாழ 16,600 கிராமங்களுக்கு மட்டும் தலா 500 மூட்டை சிமெண்டும் ஒரு டன் இரும்புக் கம்பியும் தரப்பட்டன. ஊக்கத்தைத் தூண்டுவதற்கு இது நல்ல வழிதான். ஆனால் பின்தங்கிய ஊர்களின் நிலை என்ன? அங்குள்ள குழந்தைகள் செய்த குற்றம் யாது?

இக்கேள்வியே நம் பொருளின் உயிர்நாடி. பங்கு தந்தால்தான் மானியம் என்னும் விதி, பங்கு தர இயன்ற ஊருக்கே மானியம் என்று முடிந்துவிடக் கூடும். வெளியூரில் தொழில் செய்யும் செல்வர் நால்வர் இருக்கும் ஊர், ஒரே நாளில் 2 இலட்சத்தைச் சேர்த்துவிடும். நாற்று நடவையும் தறியையும் நாட்கூலியையும் நம்பியிருக்கும் குடியிருப்புக்கு 1,000 ரூபாய் என்பது சில நாள் உணவு. சுவர் தேவைப்படுவதோ பெரும்பாலும் அந்தப் பள்ளிக்குத்தான். ஆதலால் வறியவர் வாழும் பகுதிக்குக் கேட்கும் பங்கைக் குறைப்பதும், பங்கே கேளாமல் அரசு முழுச்செலவையும் ஏற்பதும் சலுகை ஆகா, அவை நீதி.

ஊருக்குள்ளும் இதே நீதி வேண்டும். வீட்டுக்கு 1,000 என்று சமமாகப் பிரிப்பது பார்வைக்குச் சமம். பம்பு செட்டும் பத்து ஏக்கரும் உள்ளவருக்கும் கூலியாளுக்கும் அது சமமாகாது. உத்திரமேரூர்க் குடவோலையை நாம் போற்றுகிறோம். ஆனால் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் உடையவர் பெயரே பொதுவாக அக்குடத்தில் விழுந்தது. குடிமராமத்து என்னும் நம் பழைய வழக்கம் மிக நல்லது. எனினும், வண்டல் சுமந்தவர்களுள் பலர் நிலமற்றவர். நீர் பாய்ந்த வயல் பிறருடையது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றிய சட்டம் அவ்வுழைப்பைக் கட்டாயமாகவும் ஆக்கியது. பயன் யாருக்கு மிகுதியோ அவரே மிகுதியாகத் தர வேண்டும் என்பதே முறை. பணம் முழுவதையும் ஒருவரே தந்து, கல்லில் பெயர் பொறித்து, சாலையைத் தம் வாயில்வரை கொண்டுபோய் நிறுத்திக் கொண்டால், அது ஊர்ப்பணி ஆகாது. ஆடித்தபசுக்குத் தேர் இழுக்கும் நம் ஊராருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடத்தை ஒருவரே பிடித்தால் தேர் நகராது.

இனி, முன்னர் கூறிய வேறுபாட்டுக்கு வருவோம். கட்டிய பின் காப்பது எப்படி? குளத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த நம் பகுதியில், வடகிழக்குப் பருவமழை தரும் சில வார நீரைக் குளம் பிடித்து வைத்தால்தான் உண்டு. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு 100 கோடி ரூபாயில் 1,519 குடிமராமத்துப் பணிகளை மேற்கொண்டு, அவற்றில் பாசன விவசாயிகளின் பங்கு பத்தில் ஒன்று என்று வைத்தது. மானியத்தைக் கொண்டு கரையை உயர்த்தலாம், மடையைப் புதுப்பிக்கலாம். ஆனால் வரத்துக்காலில் சீமைக்கருவேல் மீண்டும் முளைக்கும். மறுகாலில் குப்பை சேரும். ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் அதனை அகற்றுவதற்கு எந்த மதிப்பீட்டிலும் பணம் இல்லை. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் மானியத்தில் அமைந்த கைகழுவும் தொட்டி, சிறு குழாய்த் திருகு ஒன்று தேய்ந்ததால் பல மாதம் வறண்டு கிடந்தது. தொட்டி கட்டப் பல்லாயிரம் தந்த ஏற்பாட்டில், திருகு வாங்கச் சில ரூபாய் தருவார் இல்லை. 2018 முதல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டுதோறும் பள்ளி மானியம் வழங்கும் ஏற்பாடு வந்தது. 100க்கு மேல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய் என்று அதில் வகுத்தனர். சிறிய தொகைதான், எனினும் ஆண்டுதோறும் வருவது என்பதால், பழைய ஏரிப்பட்டியின் குணம் இதில் சிறிது உண்டு.

ஆகவே, ஒரு பொது வேலை தொடங்கும்போதே அதன் பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும், அதை யார் தருவார், யார் பார்ப்பார் என்று தீர்மானத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். மானியம் கேட்கும் விண்ணப்பத்தை விட இவ்வரியே முக்கியம் என்பது என் கருத்து.

மாணவர்களாகிய நீங்கள் பணம் தர இயலாது. தர வேண்டியதும் இல்லை. உங்களிடம் வேறொரு பொருள் உண்டு. படித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றலே அது. பல சிற்றூர்கள் மானியத்தை இழப்பது பணம் இன்மையால் மட்டும் அன்று. எதற்கு விண்ணப்பிப்பது, எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்று சொல்வார் இன்மையாலும்தான். கேட்கத் தெரிந்த ஊர் இரண்டு முறை பெறும்; கேட்கத் தெரியாத ஊர் ஒரு முறையும் பெறாது. உங்கள் தெருவில் நடக்கும் வேலையின் மதிப்பீட்டை வாங்கிப் படியுங்கள். நீளத்தையும் அகலத்தையும் நாடாவால் அளந்து பாருங்கள். பள்ளியில் கற்ற பரப்பளவுக் கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கணக்கைக் காட்ட மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் குடிமகன் எவரும் கேட்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் கிராம சபையில் எழுந்து பேசுங்கள். நிரம்பாதவர்கள், எழுதப் படிக்க அறியாத பெரியவர்களுக்குத் தீர்மானத்தைப் படித்துக் காட்டுங்கள். கையொப்பமோ கைந்நாட்டோ இடும் முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அரசின் பங்கு பணமாக ஒரு முறை வரும். ஊராரின் பங்கு, வேலைக்கு முன் ஒற்றுமையாகவும், வேலையின்போது விழிப்பாகவும், வேலைக்குப் பின் பராமரிப்பாகவும் மூன்று முறை வர வேண்டும். அம்மூன்றையும் கற்றுத்தரும் வகுப்பு உங்கள் ஊரிலேயே நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த கிராம சபைக்குச் சென்று, அங்கு படிக்கப்படும் வரவு செலவுக் கணக்கைக் காது கொடுத்துக் கேளுங்கள்.