வெயிலும் உயிர்ச்சத்து டி-யும்: வில்லியனூர், பாகூர் கிராமங்கள்

உயிர்ச்சத்து டி (வைட்டமின் டி) என்பது, தோலில் வெயில் படும்போது உடல் தானே உருவாக்கிக்கொள்ளும் சத்து ஆகும். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் (கால்சியம்) குடல் உறிஞ்சுவதற்கு இது தேவை. இது மிகவும் குறைந்தால் குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரும். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி, இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி இருக்கும். பலர் அதை வேலைக் களைப்பு என்றே எண்ணிவிடுகின்றனர்.

வெயிலிலுள்ள புறஊதா-பி கதிர் மட்டுமே இச்சத்தை உண்டாக்கும். அது தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை மாற்றுகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. 1919-இல் பெர்லின் மருத்துவர் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புறஊதா விளக்கொளி காட்டியே ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைக் குணப்படுத்தினார். பெர்லினில் குளிர்காலச் சூரியன் தாழ்வாக நகர்வதால் இக்கதிர் தரையை எட்டுவது அரிது. புதுச்சேரியோ ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் உள்ளது. மார்கழி நண்பகலில்கூட நம் நிழல் ஆளுயரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு.

நிழல்தான் இதற்கு எளிய அளவுகோல். நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் புறஊதா-பி மிகக் குறைவு என்று பொருள். காலை 6, 7 மணி இளவெயில் உடம்புக்கு இதமானது, ஆனால் இச்சத்தைத் தருவதில் அதற்குப் பங்கு சொற்பமே. நம் பகுதியில் நிழல் ஆளுயரத்துக்குக் குறைவது கோடையில் சுமார் 9 மணிக்கு, மார்கழியில் 10 மணிக்குப் பின். கத்திரி வெயிலில் நண்பகலில் நிற்க வேண்டியதில்லை. 9 மணியை ஒட்டிக் கையும் காலும் படச் சிறிது நேரம் நின்றால் போதும். கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. மூடிய கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது.

அப்படியானால் நாளெல்லாம் வயலில் இருப்பவருக்கு ஏன் குறைகிறது? நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொள்கிறார்கள். சூட்டுக்கும் சோளைக் கீறலுக்கும் அது தேவையான பாதுகாப்பு. ஆனால் கதிர் படுவது முகத்திலும் புறங்கையிலும் மட்டுமே. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் பகல் வேலைக்குப் போவோரும், பள்ளி மாணவரும் கதிர் கிடைக்கும் நேரம் முழுதும் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். புதுச்சேரியைப் போன்றே வெயிலுள்ள திருப்பதியில் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. கிராமத்தாரிடம் நகரத்தாரைவிட இச்சத்து கூடுதலாக இருந்தது. ஆனாலும் கிராமத்தாரிலும் பலருக்கு அது போதவில்லை. உணவில் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தது.

ஆகவே வெயிலோடு தட்டையும் கவனிக்க வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இச்சத்து ஓரளவு உண்டு. கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை ஆகியவை சுண்ணாம்புச் சத்து தரும். பால் உறையில் ‘+எஃப்’ குறி இருந்தால் அது சத்து சேர்க்கப்பட்ட பால்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவருக்கு நாளொன்றுக்கு 600 அலகு தேவை. மருந்துக்கடையில் கிடைக்கும் வாரம் ஒருமுறைக்கான பொட்டலத்தில் 60,000 அலகு இருக்கும். வெயிலால் இச்சத்து அளவு மீறாது, மிகுதியைத் தோலே சிதைத்துவிடும். பொட்டலத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.