எட்டுப் பாய் அறை

கியோத்தோவில் முதல்முறையாக ஒரு ரியோகானில் தங்கப் போனபோது, எடுத்த எடுப்பிலேயே ஒரு தப்பு செய்தேன். ரியோகான் என்பது ஜப்பானியரின் மரபான தங்கும் விடுதி. வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். அவர்கள் கொடுத்த ஸ்லிப்பரைப் போட்டுக்கொண்டு தாழ்வாரம் வழியே நடந்தேன். அறை வாசலில் அதையும் விடச் சொன்னார்கள், விட்டேன். இவ்வளவு சொன்னபடி கேட்டவன், கையிலிருந்த சக்கரப் பெட்டியை மட்டும் கடகடவென்று உருட்டிக்கொண்டு போய் நடு அறையில் நிறுத்தினேன்.

கூட வந்த பணிப்பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். இவர்களை நக்காய் சான் என்கிறார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. மண்டியிட்டுத் தேநீர் ஊற்றினார், ஒரு இனிப்பை வைத்தார். பிறகு சுவர் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து மூலையில் விரித்து, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் வைத்தார். இருபது கிலோவுக்குக் குறையாத பெட்டி. அவர் உருட்டவில்லை, தூக்கினார்.

அவர் போனபின் அறையைப் பார்த்தேன். கட்டில் இல்லை, சோபா இல்லை. தாழ்வான ஒரு மேசை, காலில்லாத சாய்வு நாற்காலி ஒன்று. சுவரில் தொக்கொனோமா என்னும் மாடம். அதில் தொங்கும் ஓவியம், ஒற்றைக் கிளையில் பூ. வெறும் அறைக்கா இவ்வளவு காசு என்றுதான் தோன்றியது. காசெல்லாம் காலுக்கடியில் கிடக்கிறது என்பது புரிய ஒரு ராத்திரி ஆயிற்று.

தரை முழுவதும் தத்தமி. பாய் என்று சொன்னால் நாம் சுருட்டி மூலையில் சாத்தும் பாய்தான் நினைவுக்கு வரும். இது சுருட்ட முடியாத பாய். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கனம், பழைய முறையில் செய்ததென்றால் ஒன்று முப்பது கிலோ இருக்கும். மெத்தை போலக் காலில் அமுங்காது, பலகை போல முரண்டும் பிடிக்காது. உள்ளே இருப்பது வைக்கோல். நெல் அறுத்த தாளைக் குறுக்கும் நெடுக்குமாக நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு அடுக்கி, அழுத்தித் தைத்து ஐந்து சென்டிமீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். அதன்மேல் நெய்த பாய் ஒன்றைப் போர்த்தி, நீளவாட்டின் இரு ஓரத்திலும் துணிக்கரை வைத்துத் தைத்துவிட்டால் ஒரு தத்தமி.

மேலே போர்த்தும் அந்தப் பாய் இகுசா என்னும் புல்லில் நெய்தது. பார்த்தால் நம் கோரை போலத்தான் இருக்கும். ஆனால் குடும்பமே வேறு. பத்தமடையில் கோரையைக் கீறி நெய்வார்கள். கோரைத் தண்டு முப்பட்டை, இகுசா உருண்டை. அதைக் கீறுவதே இல்லை. முழுத் தண்டாகவே தறிக்குப் போகும், தோல் பிரியாமல். ஒரு பாய்க்கு நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் தண்டு வரை பிடிக்கும். எவ்வளவு நீளமான தண்டோ அவ்வளவு உசத்தி. வெளிறிய அடியும் காய்ந்த நுனியும் ஓரத்தோடு போய்விட, ஒரே நிறமான நடுப்பகுதி மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

தோலைக் காப்பாற்றுவதற்குக் காரணம் உண்டு. தண்டுக்குள் வெள்ளை வெளேரென்று பஞ்சு போல ஒரு சோறு இருக்கிறது. அந்தச் சோற்றை உருவி எண்ணெய் விளக்குக்குத் திரியாகப் போட்டதால் இதற்கு விளக்குத்திரிப் புல் என்றே ஜப்பானில் ஒரு பெயர். எண்ணெயை ஏற்றுகிற அந்தப் பஞ்சு காற்றின் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். கியோத்தோ மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல அமைந்த ஊர், கோடையில் புழுக்கம் தாங்காது. மழை நாளில் அறையின் ஈரத்தை உள்ளே இழுத்து, வறண்ட நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும் தரை அங்கே எத்தனை பெரிய சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜப்பானில் விளையும் இகுசாவில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் குமாமோத்தோ மாவட்டத்தில், முக்கியமாக யட்சுஷிரோ வட்டாரத்தில் விளைகிறது. கடுங்குளிரில், நவம்பர், டிசம்பரில் சேற்றில் இறங்கி நடவு. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அறுப்பு. அறுத்த கையோடு களிமண் கரைத்த நீரில் முக்கி எடுத்துத்தான் காய வைப்பார்கள். இந்த மண்குளியல் தண்டைச் சீராக உலர்த்துகிறது, பச்சை நிறத்தைப் பிடித்து வைக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் வரும் வாசனையில், வைக்கோல் போரும் முதல் மழையும் கலந்தது போல இருக்கும் அதில், பாதி இந்த மண் தந்தது.

அறையின் அளவையும் பாயை எண்ணித்தான் சொல்கிறார்கள். என்னுடையது எட்டுப் பாய் அறை. ஆனால் பாய்க்குப் பாய் ஊருக்கு ஊர் அளவு வேறு. கியோத்தோ பாய் 191 சென்டிமீட்டர் நீளம், 95.5 அகலம். தோக்கியோப் பக்கத்துப் பாய் 176-க்கு 88. ஆறு பாய் அறை என்றால் இங்கே சுமார் 118 சதுர அடி, அங்கே 100. கியோத்தோவில் முதலில் பாயை வைத்து அளந்து, அதைச் சுற்றித் தூண் நட்டார்கள். எடோ என்று பெயர் இருந்த காலத்துத் தோக்கியோவில் தூணை நட்டுவிட்டு, மிச்சமிருந்த இடத்துக்குப் பாயை வெட்டினார்கள். என்னைக் கேட்டால் இரண்டு ஊரின் குணமும் இதில் இருக்கிறது. கியோத்தோக்காரர்கள் காதில் விழும்படி சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

பாய் போடுவதில் சாஸ்திரமும் உண்டு. நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது. அப்படிக் கட்டம் கட்டமாகப் போடுவது துக்க காரியத்துக்கு உரியது. வீட்டில் செங்கல் வரிசை போல மாற்றி மாற்றித்தான் போடுவார்கள்.

துணிக்கரையை மிதிக்காமல் நடக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. தரைக்கடியில் ஒளிந்திருக்கும் எதிரி பாயின் இடுக்கு வழியாக வாளைச் செருகிவிடுவான் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. கரையில்தான் ஒரு காலத்தில் மனிதனின் அந்தஸ்து எழுதியிருந்தது. ஹெய்யான் எனப்படும் பழைய காலத்தில் தரை மரப்பலகை. பெரியவர்கள் உட்காரும் இடத்தில் மட்டும் தத்தமி. அரசருக்குப் பல வண்ணப் பட்டைக் கரை, அமைச்சர்களுக்கு வெள்ளையில் கறுப்புக் கோலமிட்ட கரை. இந்த இரண்டாவதற்குப் பெயர் கோராய் பெரி. கோரைக்கும் இதற்கும் உறவில்லை, கோராய் என்பது பழைய கொரியா. மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்காக வைக்கும் பொம்மைக் கொலுவில், மேல்படியில் இருக்கும் அரசனும் அரசியும் இன்றும் வண்ணக் கரைப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அறை முழுக்கப் பாய் பரவியது பின்னால் வந்த முரோமச்சி காலத்தில். இப்படிப் பார்த்தால் கரையை மிதிப்பது ஒருவர் பட்டத்தை மிதிப்பது. அதோடு, முதலில் கிழிவதும் கரைதான்.

விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தத்தமிக் கடை இருந்தது. இயந்திரம் ஒரு பக்கம் ஓட, முதியவர் ஒருவர் ஒரு பாயைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசியைவிட நீளமான ஊசி. அதைக் குத்தி வாங்கி, நூலை இழுக்கும்போது முழங்கையைப் பாயில் ஊன்றி உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்குகிறார். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முழங்கை. எந்த அறையும் சரியான சதுரமாக இருப்பதில்லை என்பதால் ஒவ்வொரு பாயும் அதனதன் இடத்துக்கே வெட்டியது, இடம் மாற்றினால் உட்காராது. சில வருஷத்தில் மேற்பாய் பழுத்துப் பொன்னிறமானதும் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைப்பார்கள். மறுபக்கமும் தேய்ந்தால் புதுப் பாய். உள்ளிருக்கும் வைக்கோல் அப்படியே தொடரும்.

2020-இல் ஜப்பானின் மரக்கட்டடக் கலைகள் பதினேழை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தத்தமி செய்வதும் அதில் ஒன்று. கௌரவம் அப்படி, சந்தை வேறு மாதிரி. மேற்பாயில் பெரும்பகுதி இப்போது சீனாவிலிருந்து வருகிறது. அடியில் வைக்கோலுக்குப் பதில் நுரைப்பலகை வைத்த பாய்களும் நிறைய. தூக்க லேசு, பூச்சி வராது. குறை சொல்ல எனக்கு வாயில்லை, நம் வீட்டிலும் பிளாஸ்டிக் பாய்தானே.

இரவு, யுகாத்தா அங்கியைக் கட்டிக்கொண்டு வெந்நீர்க் குளியலுக்குப் போய்த் திரும்பினேன். இடப்பக்கம் மேலே வர மடிக்க வேண்டும், மாற்றி மடிப்பது பிணத்துக்கு. திரும்பி வந்தால் அறையே மாறியிருந்தது. நான் சாப்பிட்ட மேசை ஓரம் போய், அதே இடத்தில் ஃபுத்தோன் மெத்தை விரித்திருந்தது. மெல்லிய மெத்தைதான். கீழே ஐந்து சென்டிமீட்டர் வைக்கோல் இருப்பதால் முதுகு தரையை உணரவில்லை. காது பாய்க்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது, வாசனையோடு தூங்கிப்போனேன்.

காலையில் மெத்தை அலமாரிக்குள் போய்விட்டது. மேசை நடுவுக்கு வந்து, மீனும் சோறும் மிசோ சூப்பும் அதன்மேல் வந்தன. பெட்டியை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், நேற்று அதை நிறுத்தியிருந்த இடத்தில் நான்கு சின்னப் பள்ளங்கள். நக்காய் சானிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய் ஒரு ஈரத்துணியும் இஸ்திரிப்பெட்டியும் கொண்டுவந்தார். துணியைப் பள்ளத்தின் மேல் போட்டு, சூட்டை லேசாக வைத்து எடுத்தார். ஆவி வாங்கிய புல் மெல்ல ஊதிக்கொண்டு எழுந்தது. மூன்று பள்ளம் மறைந்துவிட்டது. நான்காவதற்கு மறுபடி துணியை நனைத்தார்.