பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் எமது வீடுகளில் நடப்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. சித்தியடைந்த பிள்ளையின் வீட்டிலிருந்து அயல் வீடுகளுக்குத் தட்டில் இனிப்பு போகும். கணிதத்திலோ தாய்மொழியிலோ தவறிய பிள்ளையின் வீட்டில் கதவு சாத்தியிருக்கும். "கடைக்கு வரட்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கட்டும்" என்று வாப்பா சொல்வார். பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சும் இல்லை. "வீட்டில் இருக்கட்டும்" என்பதோடு முடிந்துவிடும். பதினொரு வருடம் படித்த ஒரு பிள்ளையின் எதிர்காலம் அரை மணி நேரத்தில் தீர்மானிக்கப்படுகிறது.

சகோதரிகளே, அந்த அரை மணி நேரத்துக்கு முன்னர் இருந்த பதினொரு வருடங்களில், இந்தப் பிள்ளை என்ன தொழிலுக்குப் பொருத்தமானது என்று யாராவது யோசித்தோமா?

ஒரே வீதியில் இரண்டு உலகங்கள்

எமது ஊர்களைப் பாருங்கள். பாடசாலை இருக்கும் அதே வீதியில் அரிசி ஆலை, வாகனத் திருத்தகம், மருந்தகம், அச்சகம், தையல் நிலையம், கணக்காளர் அலுவலகம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் அவற்றைக் கடந்து போகிறார்களே தவிர, உள்ளே நடப்பதை அறியமாட்டார்கள். விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் நன்கொடை கேட்டு முதலாளிமாரிடம் போகிறோம். "உங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டுப் போவதில்லை. கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. தன் தொழிலைப் பற்றிப் பேச யாருக்குத்தான் விருப்பமில்லை?

மருதமுனையின் கைத்தறி நாடெங்கும் பெயர் பெற்றது. நூலுக்குச் சாயமிடுவதில் இரசாயனவியல் இருக்கிறது. ஒரு சாரிக்கு எவ்வளவு நூல், எவ்வளவு கூலி, என்ன விலைக்கு விற்றால் இலாபம் என்பதில் கணிதமும் வணிகமும் இருக்கின்றன. பேருவளையின் மாணிக்கக் கல் வியாபாரத்தில் ஒளி எப்படி முறிகிறது என்ற பௌதிகப் பாடம் இருக்கிறது. கரும்பலகையில் விளங்காத பிள்ளைக்குத் தறியின் பக்கத்தில் விளங்கலாம். "இதைப் படித்து என்ன பயன்?" என்று அது கேட்கும் கேள்விக்கும் அங்கே பதில் கிடைக்கும்.

இது புதிய யோசனை அல்ல

பாடசாலையைச் சமூகம் தாங்க வேண்டும் என்பதை எமது முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கத்துக்கு வித்திட்டவர்களில் அறிஞர் சித்திலெவ்வையோடு வாப்பிச்சி மரைக்காரும் இருந்தார். ஒருவர் சட்டத்தரணியும் பத்திரிகையாளரும். மற்றவர் கட்டடத் தொழிலில் பெயர் பெற்றவர். கல்வியும் தொழிலும் கைகோர்த்தபோதே அந்த நிறுவனம் எழுந்தது. 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் முன்னின்று தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதி, வசதியற்ற மாணவர்கள் உயர்கல்வி பெறக் கைகொடுத்தது.

அரசும் ஒருமுறை முயன்றது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் 'தொழில் முன்னிலைப் பாடம்' என்று ஒன்று வந்தது. அந்தந்த ஊரின் தொழிலைப் பாடசாலையிலேயே அறிமுகப்படுத்துவது அதன் நோக்கம். ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் கருவிகளும் போதவில்லை. பெற்றோர் பலர் அதைத் தாழ்ந்த கல்வி என்றே பார்த்தனர். 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. கருவி இல்லாத குறையைப் பணம் தீர்க்கும். 'கைத்தொழில் என்றால் தோற்றவன் போகும் வழி' என்ற எண்ணத்தை வீட்டுக்குள் நாம்தான் தீர்க்க வேண்டும். தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பை வளைத்துக் கவசம் செய்தவர்கள். ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள். இதை மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கும் நாம், மருமகன் தேடும்போது மறந்துவிடுகிறோம்.

திறந்திருக்கும் வழிகள்

சாதாரண தரத்தில் தவறினால் பாடசாலை வாழ்க்கை முடிந்தது என்று இன்னும் பல தாய்மார் நினைக்கிறார்கள். 2017இல் 42 பாடசாலைகளில் பரீட்சார்த்தமாக ஆரம்பித்த உறுதிப்படுத்தப்பட்ட 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்கல்விப் பிரிவு, சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களுக்கும் தரம் 12இல் இடமளிக்கிறது. உயர்தரத்தில் 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவும் உண்டு.

பாடசாலைக்கு வெளியே தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், 'நைட்டா' எனப்படும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபை ஆகியவை இருக்கின்றன. நைட்டாவின் சிறப்பு, பிள்ளையை உண்மையான ஒரு வேலைத்தலத்தில் பயிலுனராக அமர்த்திப் பயிற்றுவிப்பதாகும். ஜேர்மனியில் இளைஞர்கள் வாரத்தின் ஒரு பகுதியைத் தொழிற்பாடசாலையிலும் மறுபகுதியைத் தொழிற்சாலையிலும் கழிப்பது நெடுங்கால வழக்கம். 1959இல் ஆரம்பமாகி இன்று மொரட்டுவையில் இயங்கும் 'ஜேர்மன் டெக்' அந்நாட்டின் உதவியோடு உருவானதே.

இவற்றை எல்லாம் இணைக்கும் ஏணியாக இருப்பது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை. அதில் 7 படிகள். முதல் நான்கும் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் படி பட்டம். இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டத்தைப் பெறலாம். திருத்தகத்தில் தொடங்கிய பிள்ளை பட்டதாரியாகும் பாதை இருக்கிறது. வெளிநாடு போவதாயினும், சான்றிதழோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாந்தம் வரும் பணமே காட்டிவிடும்.

தாய்மார் செய்யக் கூடியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் போகிறவர்கள் நீங்கள்தான். அங்கே சீருடை, தண்ணீர்த் தாங்கி, மதில் என்பவற்றோடு இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: "எமது பாடசாலையில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்? தரம் 9 பிள்ளைகளுக்கு இந்த வருடம் என்ன செய்தார்கள்?" தரம் 9 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தரம் 10க்குப் போகும்போதுதான் தொகுதிப் பாடங்களைப் பிள்ளை தெரிவு செய்கிறது. கூட்டாளி எடுத்ததைத் தானும் எடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதை வகுப்பறையில் நான் வருடாவருடம் காண்கிறேன்.

அடுத்ததாக, பழைய மாணவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் சொல்லுங்கள். தாதி, மின்னியலாளர், வங்கி உத்தியோகத்தர், பேக்கரி நடத்துபவர் எல்லோரும் அதில் இருக்கட்டும். தவணைக்கு இருவர் வந்து பேசினால் போதும்; செலவு ஒரு தேநீர்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பேசுங்கள். தகுதியானவர்களுக்குச் ஸகாத் பணத்தை ஆண்டுதோறும் சிறு சிறு தொகையாகப் பிரித்துக் கொடுப்பதைவிட, பயிற்சி முடித்த ஓர் ஏழைப் பிள்ளைக்குத் தொழிற் கருவிகளை வாங்கிக் கொடுத்தால், சில வருடங்களில் அந்தக் குடும்பமே ஸகாத் கொடுக்கும் நிலைக்கு வரலாம்.

வீட்டிலிருக்கும் தொழிலதிபர்கள்

சகோதரிகளே, தொழில் கொள்வோர் என்றால் கோட்டு அணிந்த முதலாளிமார் மாத்திரம் அல்லர். வீட்டு விறாந்தையில் இரண்டு மெஷின் போட்டுச் சட்டை தைக்கும் ராத்தாவும், கலியாண வீடுகளுக்கு வட்டிலப்பம் செய்து கொடுக்கும் மாமியும் தொழில் நடத்துபவர்கள்தாம். துணியை அளப்பது, கணக்கு வைப்பது, வாடிக்கையாளரிடம் கொடுத்த தவணையைக் காப்பாற்றுவது ஆகியவற்றைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாக யார் சொல்லித் தருவார்?

உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பல வருடமாகத் தைப்பவர், பாடநெறிக்குப் போகாமலே, தன் அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. சான்றிதழைப் பெறலாம். உம்மாவின் சான்றிதழ் சுவரில் தொங்கினால், மகளை "வீட்டில் இருக்கட்டும்" என்று சொல்ல நாக்கு எழாது.

ஓர் எச்சரிக்கை

தொழிலை அறிவது வேறு, சிறுவரை வேலைக்கு அமர்த்துவது வேறு. இந்நாட்டில் வேலைக்கான ஆகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்த முடியாது. ஆகவே தரம் 9 பிள்ளைகள் வேலைத்தலத்துக்குப் போவது ஆசிரியரோடு, பார்த்து அறிவதற்கு மட்டுமே. வயது வந்த பிள்ளையைப் பயிலுனராக விடும்போதும் எத்தனை மணி நேரம், எத்தனை மாதம், என்ன கற்பிப்பார்கள், முடிவில் என்ன சான்றிதழ் என்பதை எழுத்தில் கேளுங்கள். "பழகட்டும்" என்று விட்ட பிள்ளை, மூன்று வருடமாகத் தேநீர் வாங்கிக் கொடுத்து, கடை கூட்டிக்கொண்டு நிற்கும் கதை எமது ஊர்களில் ஏராளம். பெண் பிள்ளைகள் என்றால் போக்குவரத்து, உடனிருப்போர், வேலை முடியும் நேரம் ஆகியவற்றை நேரில் போய்ப் பாருங்கள். பார்த்துத் திருப்தியடைந்த பின்னும் தடுக்காதீர்கள்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த வேலையைப் பார்த்தால் உனக்குச் செய்ய ஆசை வருகிறது?" என்று கேளுங்கள். வரும் பதில் எதுவானாலும் சிரிக்காதீர்கள். அந்த வேலையைச் செய்யும் ஒருவர் உங்கள் மஹல்லாவிலேயே இருக்கக்கூடும். வரும் வெள்ளிக்கிழமைக்குள் அவர் யார் என்று தேடிப் பிடியுங்கள்.